பன்னிரண்டு என்று சொன்னேன்

என் மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். அவள் நான்கு மாதக் கருவாக என் வயிற்றில் இருந்தபோது, கல்வராயன் மலைமேல் ஒரு பயிற்சி மையத்தில், முப்பது பெண்களுக்கு முன்னால் பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன். இன்றுவரை என் மகளுக்கே முழுதாகச் சொல்லாத கதை இது.

கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் அப்போது ஒப்பந்த வேலையில் இருந்தேன். அலுவலகம் கள்ளக்குறிச்சியில். வாரத்தில் மூன்று நாள் கச்சிராயபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் மலை ஏறுவேன். மையத்தில் தையல், சாமையிலும் தினையிலும் பலகாரம் செய்வது என்று பயிற்சிகள் நடக்கும். எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பது என் பங்கு. புளியும் கடுக்காயும் வாங்க வரும் வியாபாரிகள் அந்தச் சமயத்தில்தான் எலெக்ட்ரானிக் தராசு கொண்டுவர ஆரம்பித்திருந்தார்கள். அதில் மின்னும் எண்ணைப் படிக்கத் தெரியாமல், வியாபாரி சொல்வதுதான் எடை என்று பெண்கள் தலையாட்டிவிட்டு வருவார்கள். எனக்கு வந்ததே கோபம்! மையத்துத் தராசை நடுவில் வைத்து, ஒரு மாதம் முழுக்க அந்த எண்களையும் இடையில் வரும் புள்ளியையும் படிக்க வைத்தேன். "அடுத்தவங்க வாயைப் பாக்காதீங்க, மெஷினைப் பாருங்க" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன்.

அந்த வகுப்பில் கிட்டத்தட்ட என் வயதிலேயே ஒரு பெண் இருந்தார். மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கும் வேலைக்குப் போகிறவர். எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்பார். சந்தேகக்காரி என்று மனதுக்குள் பெயர் வைத்திருந்தேன். ஆனால் எண்களை எல்லோரையும்விடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டதும் அவர்தான்.

அந்த வருடம் நிறுவனம் ஓர் ஆராய்ச்சியை ஆரம்பித்தது. மையத்தில் அரைக்கும் சிறுதானிய மாவை ஆறு மாதம் சாப்பிட்டால் பெண்களுக்கு ரத்தம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் எல்லோருடைய ரத்த அளவையும் எடுத்து எழுத வேண்டும். விரலில் குத்தி, ஒரு சொட்டைச் சின்னத் தகட்டில் வாங்கி மெஷினுக்குள் வைத்தால் எண் வந்துவிடும். அந்த வேலையை நானாகக் கேட்டு வாங்கினேன். காரணம் இருந்தது. என் கணவருக்குச் சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில் மட்டும்தான் வேலை. என் சம்பளம் நின்றால் குடும்பம் நின்றுவிடும். ஆறு மாத ஆராய்ச்சி என் கையில் இருந்தால் ஒப்பந்தம் தொடரும் என்று கணக்குப் போட்டேன். கர்ப்பம் என்று தெரிந்தால் மலைக்கு அனுப்ப மாட்டார்கள், ஒப்பந்தத்தையும் நீட்டிக்க மாட்டார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, அலுவலகத்தில் மூச்சு விடவில்லை. கிராம நர்ஸிடம் பதிவு செய்தால் சேதி எங்கள் ஆபீஸுக்குப் போய்விடும் என்று அதையும் தள்ளிப்போட்டேன். படி ஏறினால் மூச்சு வாங்கும், கண் இருட்டும். கைப்பையில் பச்சரிசி வைத்துக்கொண்டு மென்றுகொண்டே இருப்பேன். மசக்கை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

பரிசோதனை நாளன்று காலையில் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் சோகை. பிறகு ஊசியை எடுத்தேன். ஒருத்தரும் கை நீட்டவில்லை.

சந்தேகக்காரிதான் எழுந்தார். "போன தபா யாரோ வந்து ரத்தம் எட்த்துக்கினு போனாங்க டீச்சர். யாருக்கு இன்னா வந்துச்சுன்னு இன்னி வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லல. எங்க ரத்தம் எப்டி இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியக் கூடாதா?"

என் கையிலிருந்த ஊசியைக் காட்டினார்.

"மொதல்ல உங்க வெரல்ல குத்திக்கங்க. இன்னா வருதுன்னு எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லுங்க. அப்பால நாங்க குத்திக்கிறோம்."

இதென்ன பிரமாதம் என்று குத்திக்கொண்டேன். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. 6.8 என்று காட்டியது.

இந்த எண் வெளியே தெரிந்தால் வேலை போச்சு, கர்ப்பமும் தெரிந்துவிடும். முப்பது பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். "பன்னெண்டு" என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

சந்தேகக்காரி மேஜைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் மெஷினைப் பார்த்தார்.

"பன்னெண்டு இல்ல டீச்சர். ஆறு, புள்ளி, எட்டு."

மெஷின் கோளாறு என்று உளற ஆரம்பித்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை. குரலைத் தாழ்த்தி, "எத்தினி மாசம்?" என்றார்.

"நாலு முடியப் போகுது" என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அரிசி மென்னுக்கினே இருக்கசொல்லவே நெனச்சேன்" என்றார். அதோடு அன்றைய பரிசோதனையை அவரே நிறுத்திவிட்டார். மத்தியான பஸ்ஸில் என்னை ஏற்றி, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். காட்டு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாரே, அது என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "கெழங்கு எங்கயும் ஓடிப்போவாது" என்றார். கொண்டை ஊசி வளைவுகளில் என் தலை அவர் தோளில்தான் கிடந்தது. கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அங்கேயும் ஏழைத் தாண்டவில்லை. "இப்படியே பிரசவம் வரைக்கும் போயிருந்தா உங்க ரெண்டு பேர்ல யாரைக் காப்பாத்துறதுன்னு நாங்க தவிச்சிருப்போம். நல்லவேளை, நாள் இருக்கு" என்றார். அந்த 'நாள் இருக்கு' என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. அன்றே சேர்த்துக்கொண்டு ட்ரிப்ஸ் ஏற்றினார்கள்.

மறுநாள் எங்கள் இயக்குநர் அம்மா பார்க்க வந்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கர்ப்பத்தை மறைத்ததற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி பயப்படுத்தி வைத்திருக்கிறோமா என்று வருத்தப்பட்டார். ஆனால் எண்ணை மாற்றிச் சொன்னதற்கு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். பிரசவம் வரை கீழேயே அலுவலக வேலை, ஒப்பந்தமும் தொடரும் என்று சொல்லிவிட்டுப் போனார். வெட்கமும் நிம்மதியும் ஒன்றாக வந்து நான் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டேன்.

மலையில் பரிசோதனை என்ன ஆயிற்று தெரியுமா? அடுத்த வாரமே முப்பது பேரும் விரல் நீட்டியிருக்கிறார்கள். டீச்சர் பொய் சொன்னாலும் மெஷின் சொல்லாது என்று பார்த்துவிட்டார்கள் அல்லவா! ஒரே ஒரு நிபந்தனை: அவரவர் எண்ணை அவரவரே படிப்போம், ஒரு சீட்டில் எழுதி எங்களிடமே தர வேண்டும் என்றார்களாம். மற்ற கிராமங்களிலும் அப்படியே செய்யச் சொல்லி இயக்குநர் அம்மா உத்தரவு போட்டார். சந்தேகக்காரிக்கும் கம்மியாகத்தான் இருந்ததாம். மாத்திரை வாங்கிப் போட ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மாதம் நிறைந்து சுகப்பிரசவம் ஆனது. எனக்கும் ஒன்றுமில்லை, பிள்ளைக்கும் ஒன்றுமில்லை.

நம்மை நாலு பேர் நம்ப வேண்டும் என்றுதான் எல்லோரும் ஆசைப்படுகிறோம். ஆனால் என் மகள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டுகிற ஒவ்வொரு காலையும், அந்தப் பெண் அன்று என்னை நம்பாமல் போனாரே என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.