வளைவில் விழாதவர்கள்

கூலி தருகிறவர்கள் ஓட்டோவில் தாங்களாகவே ஏறுவார்கள். அடிபட்டுக் கிடக்கிறவர்களை நாம்தான் தூக்கி ஏற்றவேண்டும். என்னைப்போல ஓட்டோ ஓட்டித் தெருவில் பிழைக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யுத்தம் முடிந்து கற்பிட்டித் தெருவுக்கு வழுவழுவென்று தார்க் காப்பட் போட்டார்கள். வேகம் கூடியது. எத்தாளைப் பக்கத்தில் ஒரு வளைவு. இருட்டினால் எதிரில் வருவது தெரியாது. ஆலங்குடாவில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு, என் மகள் ஸ்கூட்டரில் அதைக் கடந்துதான் வீட்டுக்கு வருவாள். அவளுடைய உம்மா மவுத்தான பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அந்தியில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் என் காது தெருவில்தான் இருக்கும்.

தென்னை மரம்

கருவாட்டு வியாபாரி ஒருவர் வளைவில் நின்ற கழுதையில் மோதி, மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடந்தார். தோள் எலும்பு முறிந்திருந்தது. வழியெல்லாம் வலியால் முனகியதைவிட, பொலிஸ், வழக்கு என்று நடுங்கியதுதான் அதிகம். ஆஸ்பத்திரியில், தென்னை மரத்திலிருந்து விழுந்ததாகச் சொன்னார். தாதி மிஸ்ஸி அதை அப்படியே எழுதிக்கொண்டு அவர் தலையைப் பார்த்தார்.

"ஹெல்மட்டும் போட்டுக்கிட்டா, நானா, தேங்கா பறிக்க ஏறின?"

சம்பந்தி வீடு

இன்னொரு நாள் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நேருக்கு நேர் மோதின. ஓட்டிய இருவரும் சம்பந்தியாகப் போகிற இரண்டு வீட்டுப் பிள்ளைகள். ஒருவன் கண்ணே திறக்கவில்லை. அவன் மூச்சு நின்றுவிடுமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பிழைத்துக்கொண்டான்.

இரு வீட்டாரும் ஆஸ்பத்திரி வாசலிலேயே பேசி முடித்தார்கள்: ஒருவன் கூரையிலிருந்து விழுந்தான், மற்றவன் கிணற்றடியில் வழுக்கினான். பெண்ணின் வாப்பா என் சீற்றிலிருந்த இரத்தத்தைத் துடைத்தபடியே சொன்னார்:

"கலியாணம் நல்லபடியா நடக்கட்டும் நானா. நீங்க ஒண்டும் காணல்ல."

விளக்குக் கேட்டது

அதன்பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பள்ளிவாசல் ஆட்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு, வளைவுக்கு ஒரு விளக்குக் கேட்டுப் பிரதேச சபைக் கந்தோருக்குப் போனேன். அதிகாரி நல்லவர். கதிரை போட்டு உட்காரவைத்தார். விபத்துக் கூடின இடங்களுக்குத்தான் முதலில் விளக்கு என்று கணினியில் தேடினார். பிறகு முகம் மலர்ந்தது.

"ஐயா, சந்தோசப்படுங்க. உங்கட வளைவில இதுவரைக்கும் ஒருத்தரும் விழேல்ல!"

கிணற்றடி

பாங்கு சொல்லி முடிந்தும் ஒரு நாள் ஸ்கூட்டர் சத்தம் கேட்கவில்லை. ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஓடினேன். வளைவில் என் லைட் வெளிச்சத்துக்கு முதலில் தெரிந்தது அவளுடைய ஒற்றைச் செருப்பு. வேலியோரம் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லொறி தட்டிவிட்டு நிற்காமல் போயிருந்தது.

"இன்சூரன்ஸ் முடிஞ்சு கிடக்கு வாப்பா. பொலிசுக்குப் போனா எனக்குத்தான் வழக்கு. கிணத்தடியில வழுக்கினண்டு சொல்லுங்க" என்று வழிநெடுக அழுதாள்.

அதே மிஸ்ஸி. பேனையை எடுத்து, எங்கே விழுந்தாள் என்று கேட்டார். எனக்கு அந்தச் செருப்புத்தான் கண்ணுக்குள் நின்றது. "வளைவில. அப்படியே எழுதுங்க" என்றேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிஸ்ஸி எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப, அந்த வளைவில விழுந்த மொதல் ஆள் ஒங்கட மகள்தான் நானா."

கால் தேறிய மகள் மறுபடியும் அதே வழியால்தான் வருகிறாள். விளக்குக் கேட்டுப் போனால், அங்கே விழுந்தது ஒரே ஒரு ஆள்தானே என்கிறார்கள்.