செவ்வாய்க்கிழமை மட்டும் நிற்கும் கம்ப்யூட்டர்

1. முதல் செவ்வாய், காலை ஒன்பதே முக்கால். பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரியில் நான் பொருத்திய கம்ப்யூட்டர் தானாக நின்றது. போனேன். பவர் வயரை மாற்றினேன்.

2. இரண்டாவது செவ்வாய், பத்து மணி. நின்றது. போனேன். யூபிஎஸ்ஸை மாற்றினேன்.

3. மூன்றாவது செவ்வாய். நின்றது. போனேன். மெமரியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டேன். யாரும் பார்க்காதபோது ஒரு கும்பிடும் போட்டேன்.

4. புதன் முதல் திங்கள் வரை, மூன்று வாரமும், ஒரு பிரச்சினையும் இல்லை.

5. டாக்டர் ஐயா சொன்னார்: "தங்கச்சி, அடுத்த செவ்வாயும் நின்னுச்சுன்னா நீங்களே வந்து எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிருங்க. நான் பழையபடி கொப்பியிலேயே எழுதிக்கிறேன்."

அவர் கோபக்காரர் இல்லை. செவ்வாய்க்கிழமை அப்படிப்பட்டது. அன்றுதான் பிரஷர், சீனி வியாதிக்காரர்களுக்கான கிளினிக். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பாதி வேலையில் இறங்கி வருவார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு, கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள் மறுபடி ஏறிவிட வேண்டும். பிந்தினால் அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். அந்த வரிசைக்கு முன்னால் என் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டால்...

மொத்தம் மூன்று கம்ப்யூட்டர்கள். பெயர் பதிகிற மேசையில் ஒன்று. டாக்டர் ஐயா அறையில் ஒன்று. மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒன்று. நோயாளிகளின் விவரமெல்லாம் இருப்பது பதிவு மேசையில் உள்ளதற்குள். அது நின்றால் மற்ற இரண்டும் வெறும் டீவி. நாடகம்கூட ஓடாத டீவி.

மூன்றாவது வாரம் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏன் மிஸ், இதுக்கும் பிரஷரா? நம்மள மாதிரியே செவ்வாய்க்கெழம தவறாம படுத்துக்குது?"

நான் மெமரியை இன்னும் பலமாகத் துடைத்தேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் லிஸ்ட்டையும் தெரியும். ஒரு கிளினிக்கில் கம்ப்யூட்டர் வைப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டிய இருபத்திரண்டு விஷயங்கள். மின்சாரம், வயர், சுவர் ஈரம், எலி... எல்லாவற்றுக்கும் சரி போட்டிருந்தேன். ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அதுதான் எரிச்சல்.

ஒவ்வொரு முறையும் நடந்தது ஒரே கதை. கம்ப்யூட்டர் நின்றதாகச் செய்தி வரும். பதுளையில் பஸ் ஏறுவேன். பசறையில் இறங்கியதும் டிஸ்பென்சரிக்கு ஒரு போன். அங்கே வேலை செய்கிற புஷ்பம் அக்கா எடுப்பார். பெயர் பதிவதும் அவர்தான், காயம் கழுவுவதும் அவர்தான், கூட்டுவதும் அவர்தான். "வாங்க மிஸ், தேத்தண்ணி போட்டு வைக்கிறேன்" என்பார். நான் போய்ச் சேரும்போது மேசை துடைத்துப் பளபளவென்று இருக்கும். கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பூ. பட்டனை அமுக்கினால் சமத்தாக ஓடும். தொட்டுப் பார்த்தால் சூடுகூட இல்லை.

"ஒங்களக் கண்டா பயந்துக்கிட்டு ஓடுது மிஸ்" என்பார் அக்கா.

அவரிடம் ஒரு விளக்கமும் இருந்தது. "செவ்வாய்க்கெழமைக்கு ஆகாதுங்க. நீங்க எந்தக் கெழமை வச்சீங்க?"

நான் பொறியியல் படித்தவள். சிரித்தேன். ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் யோசித்தேன். எந்தக் கிழமை வைத்தோம்? சனிக்கிழமை. ஐயோ... அதுவும் ஆகாதே.

நான்காவது செவ்வாய் வந்தது. நின்றால் கழற்ற வேண்டிய செவ்வாய். நிற்கும்போதே பார்த்துவிடுவது என்று முதல் பஸ்ஸில் ஏறினேன். நல்ல மழை. பாதி வழியில் மண் சரிந்து, வண்டிகள் வரிசையாக நின்றன. போனில் சிக்னல் இல்லை. மண்ணைத் தள்ளி ஒரு வழி விட்டதும், முன்னால் நின்ற மரக்கறி லொறிக்காரர் பாவம் பார்த்து ஏற்றிக்கொண்டார். லீக்ஸ் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நேராக டிஸ்பென்சரி வாசலில் இறங்கினேன். மணி ஒன்பதே கால்.

உள்ளே போனால்... கம்ப்யூட்டரைக் காணோம்.

அது இருந்த இடத்தில் ஒரு கொப்பிக் குவியல். கிளினிக் கொப்பிகள். நோயாளிகள் வீட்டிலேயே வைத்திருந்து, வரும்போது கொண்டுவருவார்களே, அவை. கம்ப்யூட்டர் பெட்டியின் மேலே நான்கு அடுக்கு. இரண்டு பக்கமும் சாய்த்து வைத்தது தனி. பின்னால் சூட்டை வெளியே தள்ளும் விசிறிக்கு முன் ஒன்று, கூடாரம் மாதிரி விரித்து நிறுத்தியிருந்தது. புஷ்பம் அக்கா நின்றுகொண்டு, தோசை திருப்புவது போல ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். "என்னா மிஸ், போன் பண்ணாம வந்துட்டீங்க!"

"அக்கா, இது என்ன?"

"கொப்பிங்க."

"அது தெரியுது. ஏன் கம்ப்யூட்டர் மேல?"

"நனைஞ்சிருக்குங்க. மலையில இடுப்புல கட்டுற படங்குக்குள்ள சொருகிட்டு வர்றாளுக, அப்புறம் நனையாம என்ன செய்யும்? இது நல்லா கணகணன்னு இருக்கு. சும்மா சொல்லக் கூடாது மிஸ், நல்ல சாமான்."

நான் பொருத்திய நாளிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

"நான் வர்றப்போ ஒரு கொப்பியும் இல்லையே?"

"அதெப்படிங்க? மிஸ் வர்றப்போ மேசை இப்படியா கெடக்கும்? போன் வந்ததும் எடுத்து வச்சிட்டுத் தொடச்சிருவேன்ல?"

மூன்று வாரம். ஒரு வயர், ஒரு யூபிஎஸ், ஒரு கும்பிடு.

சூடு வெளியேற வழியில்லாவிட்டால், கருகிப் போகாமலிருக்க இயந்திரம் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அவ்வளவுதான் நோய். அவசரமாகக் கொப்பிகளை எடுத்தேன். பெட்டி கொதித்தது. நல்ல வேளை, இன்னும் நிற்கவில்லை.

"ஓரமா வைங்கக்கா. காயாட்டி இப்ப என்ன?" என்றேன் கொஞ்சம் கடுப்பாக.

அக்காவின் முகம் மாறியது. "காயாட்டி என்னவா? ஏய் மகேஸ்வரி, இங்க வா. மிஸ்ஸுக்குச் சொல்லு."

வரிசையில் நின்ற மகேஸ்வரி வந்தார். முந்திய மழைக்காலத்தில் அவருடைய கொப்பி நனைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது ஒரு பக்கம் கிழிந்து போய்விட்டது. அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதியிருந்த பக்கம். அன்று டாக்டர் ஐயா லீவு. பதிலுக்கு வந்தவருக்கு எப்படித் தெரியும்? அதே மருந்தைக் கொடுத்துவிட்டார்.

"மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கிருச்சு மிஸ். எங்க வீட்டுக்காரருக்கே ஆளு தெரியல" என்று சிரித்தார் மகேஸ்வரி.

அக்கா சிரிக்கவில்லை. "மூச்சு விட முடியாம கெடந்தா. தோட்டத்து லொறியிலதான் பதுளைக்குக் கொண்டு போனோம். நான்தான் மடியில வச்சிருந்தேன். அன்னையிலிருந்து ஒரு கொப்பியும் ஈரமா டாக்டர் ஐயாகிட்ட போறதில்ல."

எடுத்த கொப்பிகளை ஒட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக விரித்து வைத்தேன். பிறகு கேட்டேன். "முன்னாடி எங்க காய வச்சீங்க?"

"ஊசி, கத்திரி அவிக்கிற பொட்டி இந்த மேசையிலதானே இருந்துச்சு? அதுக்குப் பக்கத்துல. நீங்கதான் மிஸ், ஆவி கம்ப்யூட்டருக்கு ஆகாதுன்னு தூக்கச் சொன்னீங்க."

லிஸ்ட்டைத் திறந்து பார்த்தேன். ஒன்பதாவது: நீராவி வரும் சாதனம் அகற்றப்பட்டது. சரி போட்டிருக்கிறேன். என் கையால்.

டாக்டர் ஐயா அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "இதுல என்ன அதிசயம் தங்கச்சி? இங்க எல்லாரும் திங்கக்கெழம மட்டும்தான் பத்தியம். செவ்வாய்க்கெழம சீனி பார்த்தா தங்கமா இருக்கும். நானும் நோயைத் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. யோசித்துப் பாருங்கள்... நாம் மட்டும் வேறா? பல் டாக்டரிடம் போகிற அன்றுதானே இரண்டு முறை பல் தேய்க்கிறோம்? சரிபார்க்க வருகிறவருக்கு முன்னால் குறையை ஒளித்து வைத்துவிட்டு, குறை என்னவென்று அவரையே கேட்கிறோம். இதில் கொடுமை, அதை நாம் மரியாதை என்று நினைத்துச் செய்வதுதான்.

அன்று கொப்பிகளை நோயாளிகள் உட்காரும் வாங்கில் பரப்பினோம். அக்கா ஒரு பழைய காலண்டர் அட்டையால் விசிறினார். கம்ப்யூட்டர் கடைசி நோயாளி வரை ஓடியது.

மறுநாள் பதுளை டவுனில் ஒரு சாமான் கடைக்குப் போனேன். "நானா," என்று கடைக்கார அண்ணனைக் கூப்பிட்டேன். "சோத்துப் பீங்கான் அடுக்கிற கம்பி ஸ்டாண்ட் ஒன்று வேணும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைக்க."

கடைக்கார நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் மகள், இப்ப கம்ப்யூட்டர்ல சோறும் திங்கிறாங்களா?"

வியாழக்கிழமை பெட்டியைச் சுவரில் உயரத்தில் மாட்டினேன். அதன் சூட்டுக் காற்று வெளியேறும் பக்கம், ஒரு முழம் தள்ளி, அந்த ஸ்டாண்ட். கீழே சொட்டுத் தண்ணீருக்கு ஒரு தட்டு. கொப்பிகள் பீங்கான்கள் மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. மேசையில் இப்போது பிளாஸ்டிக் பூ மட்டும்.

"இனி கொப்பி வேணாமா மிஸ்?" என்று மகேஸ்வரி கேட்டார். முன்பென்றால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால் இந்தக் கம்ப்யூட்டரையா தூக்கிக்கொண்டு போவார்? "வேணும்" என்றேன்.

இப்போதைய நிலவரம். இந்தச் செவ்வாயும் மழை. மூன்று கம்ப்யூட்டரும் நிற்கவில்லை. கழற்றுவது பற்றி டாக்டர் ஐயா பேசவில்லை. என் லிஸ்ட்டில் இருபத்து மூன்றாவதாக "போன் பண்ணாமல் போகவும்" என்று சேர்த்திருக்கிறேன். மகேஸ்வரியின் பெயரைத் தட்டினால் அந்த மருந்து சிவப்பில் வருகிறது. அவருடைய புதுக் கொப்பியிலும் சிவப்பில் இருக்கிறது. கொப்பி காய்ந்திருக்கிறது.