ஆளுக்கொரு குத்துவிளக்கு

நாலு பேருக்கு ஊர் சுற்றிக் காட்டும் வேலை என்பது, அந்த நாலு பேரையும் தேடிக்கொண்டு ஊர் சுற்றும் வேலை. உறவுக்காரர்களை ஒரே வண்டியில் அடைத்துக் கோயில் குளம் என்று போய்வந்த புண்ணியவான்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் என்னைப் போல் பட்டவர்கள்தான்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இன்னும் இறங்காத ஐம்பதுகளின் ஆரம்பம். எங்கள் பஸ் முதலாளி மரைக்காயர் திடீரென்று ஒருநாள் ‘சோழர் கோயில்களும் கைத்தொழில் கடைவீதிகளும் ஒரே நாளில்’ என்று தட்டி எழுதி வாசலில் வைத்துவிட்டார். எனக்குத் தமிழ் நன்றாக வரும், பிரெஞ்சு சுமாராக வரும் என்பதால் நான் வழிகாட்டி. வழிதான் தெரியாது. கோயிலைப் பற்றி ஜனங்களிடம் என்ன சொல்வது என்று அவரிடமே கேட்டேன். “எத்தனை பேர ஏத்திட்டுப் போறீங்களோ அத்தனை பேரயும் கொண்டாந்து எறக்குங்க தம்பி. மத்தத அல்லா பாத்துக்குவான்.”

முன் சீட்டு அம்மாள்

முதல் பயணத்தில் பதினொரு பேர். முன் சீட்டில் குரும்பகரம் தையல்நாயகி அம்மாள். பெண்ணுக்கு மறுநாள் கல்யாணம், இந்த அம்மாள் என்னடாவென்றால் கோயில் பார்க்கக் கிளம்பி வந்திருக்கிறாரே என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தால் கதை வேறு. மாப்பிள்ளை போலகத்துக்காரர். மாப்பிள்ளையின் சித்தப்பா கடைசி நேரத்தில், பந்தலில் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒரு ஜோடி நிற்க வேண்டும் என்று சொல்லியனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் சீர்வரிசையைப் பார்வையிட அவரே வருகிறார். விளக்கு இல்லையென்றால் மனிதர் என்ன பேசுவாரோ என்றுதான் அம்மாள் பஸ் ஏறியிருந்தார்.

முதலில் தாராசுரம், அடுத்தது கும்பகோணம், திரும்பும்போதுதான் நாச்சியார்கோவில் என்று பயண வரிசையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கோயில் ஆயிரம் வருசமா அங்கதான் இருக்கு, எங்கயும் போவாது. கடையத்தான் தம்பி பூட்டிடுவாங்க.”

கணக்கு சரியாக இருந்தது

தாராசுரத்தில் மண்டபமே ஒரு ரதம். கல்லில் சக்கரம், இழுத்துக்கொண்டு ஓடும் கல் குதிரை. முந்தின இரவு மனப்பாடம் செய்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். பேசிக்கொண்டே தலைகளை எண்ணினேன். பதினொன்று. சந்தோஷமாக அடுத்த தூணுக்கு நகர்ந்தேன். எல்லாரும் வாய் பேசாமல் பின்னாலேயே வந்தார்கள். எங்கள் ஊர் ஜனங்களுக்கு இத்தனை அடக்கமா என்று எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. அப்போது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தையல்நாயகி அம்மாள் என் ஆட்களை எப்போதோ ஓட்டிக்கொண்டு போய் வண்டியில் உட்கார வைத்திருந்தார்.

எதிரே நின்ற பதினொரு பேரும் யார் என்று தெரியாமல் விழித்தேன். அவர்களில் மூத்தவர் கைகூப்பினார். “நாங்க சீர்காழிலேந்து பொண்ணு பாக்க வந்தவங்க. நீங்க பாட்டுக்கு சொல்லிட்டே வந்தீங்க, மரியாதைக்காக நின்னோம்.”

சொல்தாவின் மெடல்கள்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எங்கள் பஸ்ஸிலும் ஒரு சொல்தா இருந்தார், பெயர் சாமிக்கண்ணு, சைகோனில் காலம் கழித்தவர். கும்பகோணத்துக் கோயிலில் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். சொல்தாவின் கோட்டில் வரிசையாக மெடல்கள். கோட்டைக் கழற்ற அவருக்கு ஆட்சேபம் இல்லை, மெடல்களைப் பிரிந்து வரத்தான் மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி மேல்துண்டில் குத்தத் தொடங்கினார். நேராக இருக்கிறதா என்று என்னிடம் வேறு கேட்டுக்கொண்டார். கடைசி மெடல் நேராவதற்கும் உச்சிக்கால நடை சாத்துவதற்கும் சரியாக இருந்தது.

மறுபடி நடை திறக்கும்வரை நகரமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார். பாதிப் பேர் அவர் கட்சி, மீதிப் பேர் அம்மாள் கட்சி. எந்தக் கட்சிக்குத் தலையாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டுக்கும் ஆட்டினேன். கடைசியில் அம்மாள் அவரிடம் போய்ப் பெண்ணின் கல்யாணத்தைச் சொன்னார். சித்தப்பாவைப் பற்றியும் சொன்னார். சொல்தா வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து பஸ் ஏறினார். ஏறும்போது என்னிடம் மட்டும் முறைத்துக்கொண்டு, பிரெஞ்சு மரியாதை குறையாமல் சொன்னார்: “சண்டைக்குப் போறப்பகூட யாரும் என்னை இப்புடி அவசரப்படுத்துனதில்ல முசியே.”

பட்டறையில் ஒரு தொற்றுநோய்

நாச்சியார்கோவில் கடைவீதி முழுக்கப் பித்தளைப் பட்டறைகள். அம்மாள் இடுப்புயரத்தில் ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து, விலையைத் தரையில் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த விலையைக் கேட்டதும் மற்றவர்களுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. விளக்குக்கு வேலையே இல்லாத வீட்டுக்காரர்கள்கூட ஆளுக்கொன்று வாங்கினார்கள், சொல்தா உட்பட. பட்டறைக்காரர் ஒவ்வொரு விளக்கையும் அடி, தண்டு, தட்டு, உச்சியில் நிற்கும் அன்னம் என்று தனித்தனியாகக் கழற்றி, வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டினார்.

எல்லாச் சாக்கும் ஒரே மாதிரி இருந்தன. பட்டறைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, திருகு மரையெல்லாம் கையால் வெட்டியது என்றார். “ஒண்ணோட தண்டு இன்னொண்ணுல ஏறாதுங்க. கலந்துடாமப் பாத்துக்கறது உங்க பொறுப்பு.”

எல்லைச் சாவடி

எங்கள் ஊரிலிருந்து கடத்தல் தங்கம் வெளியே போவதாகத்தான் ஊரெல்லாம் பேச்சு. ஊருக்குத் திரும்புகிறவர்களை எதற்குச் சோதிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை குழப்பம். இந்தியப் பக்கத்துச் சாவடி அதிகாரி எல்லாச் சாக்கையும் இறக்கிப் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொரு தண்டையும் கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தார். பார்த்து முடித்ததை ஒரே குவியலாகப் போட்டார். பொறுப்பு, பொறுப்பு என்று நான் முனகினேன். யார் காதிலும் விழவில்லை. பொழுது சாய்கிறது, சித்தப்பா வந்திருப்பார் என்று அம்மாள் பதற, அகப்பட்டதை அகப்பட்ட சாக்கில் திணித்துக்கொண்டு எல்லாரும் ஏறினோம்.

அதிகாரி ஜன்னலருகே வந்து நிஜமான அக்கறையோடு கேட்டார்: “இத்தனை பேரும் ஒரே நாள்ல வெளக்கு வாங்கிருக்கீங்களே, உங்க ஊர்ல கரண்ட் போயிருச்சா?”

பந்தலில்

குரும்பகரத்தில் பஸ் நின்றபோது சித்தப்பா பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மாளின் சாக்கைப் பிரித்தோம். அடிப்பாகம் இரண்டு இருந்தது, தட்டு மூன்று இருந்தது, தண்டு எதிலும் ஏறவில்லை. அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொல்தாதான் முதலில் தன் சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர் பின்னால் பஸ்ஸே இறங்கியது. அடி மாற்றி, தண்டு மாற்றி, அன்னத்தைத் திருகிப் பார்த்து, ஒன்று சேர்ந்தால் அதை ஓரமாக நிறுத்தி, அடுத்ததைத் தேடினோம். அம்மாளின் ஜோடி சேர வேண்டுமென்றால் எல்லார் விளக்கும் சேர்ந்தாக வேண்டும், வேறு வழியில்லை. சித்தப்பா நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அம்மாளின் ஜோடிதான் கடைசியாகச் சேர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் பந்தலின் இரண்டு பக்கமும் வரிசையாகக் குத்துவிளக்குகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆள் வியர்வையோடு. சொல்தா மெடல்களோடு விறைப்பாக நின்றார். சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்து தோள் துண்டை இடுப்புக்கு இறக்கினார். ஒரு ஜோடிதானே கேட்டோம், இவர்களெல்லாம் யார் என்று என்னிடம் மெதுவாக விசாரித்தார். பஸ் பயணிகள் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாள் முந்திக்கொண்டார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. “எல்லாம் நம்ம கூட வந்த சனந்தான். ஆளுக்கொரு வெளக்கு வாங்கிட்டு வந்து நிக்கிறாங்க.”

அதற்குமேல் தன் விளக்கைக் கழற்றி எடுத்துப்போக ஒருவருக்கும் மனம் வரவில்லை, மறுநாள் முகூர்த்தத்துக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள்; கோயில் பார்க்கக் கூட்டிப்போனவர்களைப் பெண் வீட்டுக்காரர்களாக்கிக் கொண்டுவந்து இறக்கிய வழிகாட்டி, எனக்குத் தெரிந்து, காரைக்காலில் நான் ஒருவன்தான்.