செவலையைப் புதைத்த இடம்

எங்கள் செவலைப் பசு மரவள்ளித் தழையைத் தின்று செத்த அன்று எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான் இருந்தது. அவளை எதுவும் தின்னக் கூடாது. நாயும் கூடாது, புழுவும் கூடாது. பால்குடி மறக்காத கன்றை விட்டுவிட்டுப் போனவள் அவள். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் பிளேன் டீதான்.

பலாபத்வலையில் மிளகுத் தோட்டத்து ஓரமாக எங்கள் வீடு. பால் கொடுத்த மாட்டை எங்கள் ஆட்கள் வீட்டுப் பின்புறமே புதைப்பார்கள். குழியில் மஞ்சள் தூவி, முறைக்கு ஒரு கை உப்புப் போடுவார்கள். நான் ஆட்டோ பிடித்துப் போய் ஒரு மூட்டை கல்லுப்பு கொண்டுவந்து இறக்கினேன். குழி வெட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"என்ன புள்ள, மாட்டைக் கருவாடு போடப் போறியா?"

அந்த நேரத்திலும் அவருக்குக் கிண்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உப்பு இருந்தால் புழு அண்டாது என்று கத்தினேன். அவர் கிண்டலை விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மண்ணு அவள எடுத்துக்கணும் புள்ள. இல்லாட்டி அவ அங்கனயே கெடப்பா."

ஒரு கை உப்பு மட்டும் போட்டேன். அவரோடு சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பாறை மண், குழி ஆழமில்லை. வெயில் ஏற ஏற நாற்றம் கிளம்பியது, பச்சை ஈ மொய்த்தது. ஓடைப் பக்கமிருந்து உடும்பு மாதிரிப் பெரிய கபரகொயா ஒன்று ஊர்ந்து வந்து மண்ணைப் பிறாண்டியது. முற்றம் கூட்டுகிற தும்புத்தடியால் துரத்தினேன். பிறகு மழை பிடித்தது. நாற்றம் போயிற்று. மேடாக இருந்த மண் உள்ளே இறங்கிப் பள்ளமாயிற்று. செத்த அன்றைவிட அன்றுதான் அவள் போய்விட்டதாகப் பட்டது.

பள்ளத்தில் புல் முளைத்தது. தோட்டத்தில் வேறெங்கும் அப்படியொரு பச்சை இல்லை. புட்டிப்பாலில் வளர்ந்த கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகும். நான் விடமாட்டேன். வேறு இடத்துப் புல்லை அறுத்துப் போடுவேன். அது முகர்ந்துவிட்டு, விலா எலும்பு தெரிய நிற்கும். வீட்டுக்காரர் கன்றையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு காலையில் பார்க்கப் பொறுக்காமல் கன்றை அவிழ்த்தேன். என்னையும் இழுத்துக்கொண்டு ஓடி, அந்தப் புல்லில் முகத்தைப் புதைத்தது. நறுக் நறுக்கென்று கடித்து இழுத்தது. நடுவில், மடியை முட்டுகிற மாதிரி, மண்ணை ஒரு முட்டு முட்டியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தின்னட்டும் என்று கயிற்றை விட்டுவிட்டேன்.