முசேயின் அம்பாசிடருக்குக் குளிர் ஏற்றிய கதை

காருக்குள் குளிரை உண்டாக்குவது எளிது. அதை உள்ளேயே இருக்கச் செய்வதுதான் தொழில். வாகனங்களுக்குக் குளிர்சாதனம் பொருத்தும் கடை நடத்தியவர்களுக்கும், நடத்தியவரை மணந்துகொண்டவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஏனையோர் முதலில் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் காரைக்காலில் அக்கடையைத் திறந்தார். அதுவரை அவர் ஐஸ் ஃபாக்டரியில் மெக்கானிக். நான் பள்ளியில் தமிழாசிரியை. மாலையில் கடையிலும் இருப்பேன். கடை இருந்த அறை அவருடைய தமையனாருக்கு, அதாவது என் மூத்தாருக்கு, உரியது. அவர் சிமெண்டு வியாபாரி. "மொத வண்டி குளுரணும். குளுருதுன்னு என் வாயால நான் சொல்லணும். வைகாசி முடியறதுக்குள்ள சொல்லலேன்னா ரூமுல மூட்டைய அடுக்கிடுவேன்" என்று நிபந்தனை விதித்துவிட்டார்.

இன்னொன்று: காரின் குளிர்சாதனம் குழாய்களுக்குள் வாயுவைச் சுற்றவிட்டு, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஆதலால் கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இந்த ஒரு விதியை ஊருக்கு உணர்த்த நாங்கள் பட்ட பாடே கீழே வருவது.

பழைய முறை

முதல் வண்டி முசே அந்துவானுடைய அம்பாசிடர். பிரெஞ்சில் முசே என்றால் ஐயா. பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் பெற்றுவந்தவர் அவர். தம் காரில் ஏற்கெனவே குளிர்சாதனம் உண்டு என்றும், அதைப் புதிய முறைக்கு மாற்றினால் போதும் என்றும் சொன்னார். திறந்து பார்த்தோம். முன்னிருக்கையில் ஒரு மரப்பெட்டி. அதனுள் உமி ஒட்டிய ஐஸ் துண்டு. அதன் பின்னால் பேட்டரியில் ஓடும் சிறு மின்விசிறி. மீனவர் ஊரான காரைக்கால்மேட்டுக்கு மீனுக்காகப் போகும் ஐஸில் அன்றாடம் ஒரு துண்டு முசேக்கு வந்துவிடும், மீனின் மணத்தோடு. முதுகு வேர்க்கும், முழங்கால் மட்டும் குளிரும், கரைந்த நீர் செருப்பை நனைக்கும்.

என் கணவர் பெட்டியை அகற்றி, எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்து ஓடும் கம்ப்ரசரைப் பொருத்தி, சென்னையிலிருந்து வந்த சிலிண்டரிலிருந்து வாயுவை ஏற்றினார். முசேயின் மனைவியை ஊரே மதாம் என்றழைக்கும். பெட்டி கீழே இறங்கியதைக் கண்டு அவர் சொன்னது: "குளுந்தாலும் சரி, குளுராட்டியும் சரி டீச்சர். இனிமே மாதா கோயிலுக்குப் போனா பூனையெல்லாம் வண்டி பின்னாலயே வராதுல்ல, அது போதுங்க!"

மரியாதை

முதல் ஓட்டம் கடைத்தெரு வழியாக. முசே ஓட்டினார், மூத்தார் பின்னால் அமர்ந்தார். முசே தெரிந்தவர் எவரைக் கண்டாலும் வண்டியை மெதுவாக்குவார், கண்ணாடியை இறக்குவார், தொப்பியைத் தூக்கி 'போன்ழூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார், மூட்டுவலி எப்படி, மகன் பாரிசிலிருந்து எப்போது வருகிறான் என்று வினவுவார், பிறகே கண்ணாடி ஏறும். கடைத்தெருவில் அவருக்குத் தெரியாதவர் எவரும் இல்லை.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனால் பென்ஷன் திமிர் என்று பேசுவார்கள் என்பது அவர் கட்சி. மூத்தார் சட்டை முதுகோடு ஒட்ட, துண்டால் விசிறிக்கொண்டு இறங்கினார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. "என் தம்பி கெட்டிக்காரன்தாம்மா. ஒரு காருக்குன்னு காசு வாங்கிட்டு, தெருவுக்கே ஏசி போட்டுருக்கான்!"

அறிவிப்பு

இதை எழுத்தால் தீர்க்கலாம் என்று நான் கருதினேன். தடித்த அட்டையில், "இவ்வூர்தியின் கண்ணாடிகள் மூடப்பட்டிருப்பது குளிர்ச்சியின் பொருட்டே, செருக்கின் பொருட்டன்று. உள்ளிருப்போர் உங்களை மனமார வணங்குகின்றனர்" என்று எழுதிக் காரின் இருபுறமும் ஒட்டினேன். அறிவிப்பு பிழையற்றது. ஆனால் அதைப் படிப்பதற்காகவே ஆட்கள் வண்டியை நிறுத்தத் தொடங்கினார்கள். படித்தவர் படியாதவருக்கு உரக்க வாசித்துக் காட்டினார். பின்னர் எல்லோரும் கண்ணாடியைத் தட்டினார்கள்.

வெற்றிலைக் கடைக்காரர் அவர்கள் சார்பில் பேசினார்: "படிச்சுட்டோம் முசே. நீங்க வணக்கம் சொல்லிட்டீங்க, பதிலுக்கு நாங்க ஒண்ணு வைக்க வேணாமா? செத்த நேரம் கண்ணாடிய எறக்குங்க!"

எல்லை

என் கணவர் கண்ணாடிகளை ஏற்றி இறக்கும் கைப்பிடிகளை எல்லாம் கழற்றி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். அடுத்த ஓட்டம் நாகப்பட்டினத்துக்கு. முசே ஓட்டினார். பின்னிருக்கையில் நானும் மதாமும். புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட எங்கள் ஊரின் மலிவுச் சாராயம் எல்லை தாண்டாதபடி தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியில் வண்டிகளைப் பார்ப்பார்கள். வேகாத வெயிலில் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிக்கொண்டு வருகிற காரை அவர்கள் எப்படி விடுவார்கள்? இறக்கச் சொன்னார்கள். கைப்பிடிகள் இல்லை என்ற உண்மையை நான் சொன்னேன். உண்மை அங்கே எங்களுக்கு எதிராக வேலை செய்தது.

அப்போதுதான் காருக்கடியில் ஏதோ சொட்டுவதைக் காவலர் ஒருவர் கண்டார். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வடியும் நீர் அது. அவர் அதை உள்ளங்கையில் ஏந்தி மோந்தார், நாக்கில் வைத்தார், ஏமாந்தார். ஏட்டும் தாமே ஒருமுறை சுவைத்துப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து முன்னிருக்கையில் அமர்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கண்களை மூடியபடி நெடுநேரம் சோதனையிட்டார். "வண்டியில ஒண்ணும் இல்லம்மா, நீங்க போகலாம். ஆனா முறையா பாக்கணும்னா நான் இன்னும் கொஞ்ச நேரம் உள்ள உக்காரணும்."

சனிக்கிழமை

ஏட்டு சொன்னதை மூத்தார் ஏற்கவில்லை. வைகாசியும் முடியப்போகிறது. "ஓடி வந்த வண்டியில காத்து கொஞ்ச நேரம் தங்கத்தான் செய்யும். கூட்டத்துல, நின்ன எடத்துல குளுரணும்" என்றவர், ஏழரைச் சனிக்காகத் திருநள்ளாற்றுக்குப் போகவேண்டியதை முன்னிட்டு முசேயின் காரிலேயே கிளம்பினார். அங்கே எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, உடுத்தியிருந்ததை அங்கேயே விட்டுவிடுவது வழக்கம். அவரும் விட்டுவிட்டார். மாற்று வேட்டி டிக்கியில் இருந்தது. டிக்கிச் சாவி காரைக்காலில் என் கணவருடைய பையில் இருந்தது. ஆகவே ஈரத் துண்டோடு காரில் ஏறினார்.

சனிக்கிழமை நெரிசலில் கார் நகரவில்லை. கண்ணாடியை இறக்கக் கைப்பிடி இல்லை. துண்டோடு தெருவில் இறங்கச் சிமெண்டு வியாபாரியின் கௌரவம் இடந்தரவில்லை. "குளுருதுங்களா?" என்றார் முசே. குளிருகிறது என்ற ஒரு சொல்லில் அறை போய்விடும் என்பது மூத்தாருக்குத் தெரியும். "ஒண்ணும் தெரியலியே" என்றார். முசே குமிழை இன்னும் சற்றுத் திருகினார். நெரிசல் தீர்ந்ததும் மீண்டும் கேட்டார். மூத்தார் மீண்டும் மறுத்தார். ஒருவேளை நீண்ட ஓட்டத்தில் தெரியக்கூடும் என்று முசே சுரக்குடி வழியாகச் சுற்றினார்.

கடைவாசலில் வண்டி நின்றபோது மூத்தாரின் உதடு நீலம் பாரித்திருந்தது. முசே என்னிடம், "இன்னும் தெரியலங்கிறாரு டீச்சர். இன்னொரு சுத்து போயிட்டு வரவா?" என்று கேட்டார்.

உள்ளிருந்து குரல் வந்தது: "குளுருது! குளுருது! சனி பகவானே விட்டுட்டாரு, இந்த முசே விடமாட்டேங்கிறாரு! ரூமை நீங்களே வச்சுக்குங்கம்மா, மொதல்ல அந்த டிக்கியத் தொறக்கச் சொல்லு!"

பின்னர் உறுதிப்பட்டவை இவை. அறை எங்களிடமே இருந்தது. சிமெண்டு மூட்டைகள் மூத்தாரின் வீட்டுக் கூடத்துக்குப் போயின. அதற்காக என் ஓரகத்தி இன்றளவும் என்னைத்தான் முறைக்கிறார். மூத்தார் தம் காருக்கும் குளிர்சாதனம் பொருத்திக்கொண்டார், கைப்பிடிகளைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு. முசே கண்ணாடிக்குள் இருந்தபடியே தொப்பியைத் தூக்கப் பழகிக்கொண்டார். நாகப்பட்டினம் செல்லும் எங்கள் வண்டிகள், சந்தேகம் சிறிதும் இல்லாமலேயே, போகும்போதும் வரும்போதும் சோதிக்கப்பட்டன. இத்தொழிலில் நற்சான்று வாயால் கிடைப்பது அரிது. பல் தந்தியடித்த பிறகே அது வெளியே வருகிறது.