கடலைப் பற்றிக் கேட்டவள்

"26.12.2004, ஞாயிறு. காலை ஆறரைக்கு மேல் லேசான நில அதிர்வு. சேதம் எதுவும் இல்லை." அன்றைய என் நாட்குறிப்பில் முதலில் இவ்வளவுதான் இருந்தது.

ஏழரை மணிக்கு, அடையாறில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் தனம் வந்தாள். கடற்கரை மீனவர் குடியிருப்பான ஊரூர் குப்பத்துக்காரி.

"இன்னா சார், காத்தால வூடே ஆடுச்சு! கடலுக்கு எதுனா ஆவுமா? இன்னொரு கூடை எடுக்கக் கரைக்குப் போவணும். எம் புருசன் போவாதன்றான்."

நான் அட்லஸைப் பிரித்தேன். "பூமியோட மேல்பரப்பு பெரிய பெரிய தட்டா இருக்கும்மா. ரெண்டு தட்டு இடிக்கிற விளிம்புலதான் பூகம்பம், எரிமலை எல்லாம். அந்த விளிம்பு இங்க பாரு, சுமத்ரா பக்கம். நாம தள்ளி இருக்கோம். ஒண்ணும் ஆகாது, போ."

"படிச்சவரு சொல்ட்டீங்க. அந்தாளு ஒரு பயந்தாங்கொள்ளி" என்று சிரித்துவிட்டுக் கரைக்குப் போனாள்.

ஒன்பது மணிக்குச் சற்று முன் கடல் உள்ளே வந்தது.

ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் செருகும்போது கடலடி எழும்பி, மேலிருக்கும் தண்ணீரையும் தூக்கிவிடும் என்று நான் படித்திருந்தேன். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. அவள் கடலைப் பற்றிக் கேட்டாள். நான் நிலத்தைப் பற்றிப் பதில் சொன்னேன்.

தனம் அதன்பின் வரவில்லை. ஊர் வரலாறு எழுதுகையில் ஒரு தெருவின் பெயர் மாறிய தேதியைக்கூட மூன்று இடங்களில் சரிபார்ப்பவன் நான். குப்பம் இருபது நிமிட நடை. இருபது வருடங்களாகியும் போகவில்லை. அந்தத் தேதிக்குக் கீழே பிறகு ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: "தனம் உயிரோடு இருக்கிறாளா என்பது சரிபார்க்கப்படவில்லை."