முக்காடும் கமராவும்

மகனின் புது மீன்பிடி வள்ளத்தைப் பங்குச் சுவாமி மந்திரிக்கும்போது படத்தை நானே எடுப்பேன் என்று சொன்னது நான்தான். யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்ரூடியோக்காரரைக் கூப்பிட வேண்டாம் என்று தடுத்ததும் நான்தான். வள்ளத்தை ஒருமுறைதான் மந்திரிப்பார்கள். படம் பிழைத்தால், திரும்பத் தண்ணீர் தெளியுங்கள் என்று சுவாமியிடம் போய் நிற்க முடியாது.

பிரான்சிலிருந்து வந்த மகள் கொண்டுவந்த கமரா அது. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதிலிருந்த ஆங்கில எழுத்து ஒன்றும் எனக்குத் தேவைப்படவில்லை. அழுத்துகிற பொத்தான் எது என்று மட்டும் கேட்டேன். ஆனால் ஒரு சாமானைக் கையில் எடுத்தால் அதன் குணம் அறியாமல் விடமாட்டேன். சந்தையில் கணவாய் மீன் வாங்கினாலும் அப்படித்தான்.

குசினிக்குள் அதன் முதுகுக் கண்ணாடியில் அடுப்பு, சட்டி, பூனை எல்லாம் வடிவாகத் தெரிந்தன. கடற்கரைக்கு வந்தால், வெயிலில் என் முகம்தான் தெரிந்தது.

"மேல இருக்கிற ஓட்டைக்குள்ள கண்ணை வைச்சுப் பாருங்கோ அம்மா" என்றாள் மகள். முகம் கிட்ட வந்தால் கண்ணாடி அணைந்து, படம் ஓட்டைக்குள் வருமாம். வைத்தேன். உள்ளே இன்னொரு கடல்!

முதலில் மங்கல். பக்கத்தில் ஒரு சின்னச் சில்லு இருந்தது. அதைத் திருப்பத் திருப்ப, தூரத்தில் மீன் அடைக்க நட்டிருந்த தடிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன, மூக்குக்கண்ணாடி இல்லாமலே.

பிறகு மற்றக் கண்ணையும் திறந்து பார்த்தேன். வெறுங்கண்ணில் அலை உடைந்து, இமைக்கும் நேரம் கழித்துத்தான் ஓட்டைக்குள் உடைந்தது.

"பிள்ளை, இது கடலைக் காட்டேல்லை. கடலின்ர படத்தைக் காட்டுது."

"ஓம் அம்மா, உள்ளுக்குள்ள இருக்கிறது சின்ன ரீவி."

"அப்ப கொஞ்சம் முந்தியே அமத்தவேணும்."

கொக்கு எழும்ப முன்னமே அழுத்திப் பழகினேன். அந்தக் கிழமை கொக்குகள் என்னால் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மந்திரிக்கும் நாள் வானம் மூடியிருந்தது. வெயில் இல்லை, முதுகுக் கண்ணாடியிலேயே படம் தெரிகிறதே என்று கமராவை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். செபம் தொடங்கியது. சேலைத் தலைப்பை இழுத்து முக்காடிட்டேன். சுவாமி தீர்த்தத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடி கறுத்துப்போனது.

தட்டினேன். உயிரே இல்லை. பக்கத்தில் நின்ற என் தம்பியின் பெண்சாதி மெல்லச் சொன்னாள்: "ஸ்ரூடியோக்காரன் எண்டா இந்நேரம் பத்துப் படம் எடுத்திருப்பான் மச்சாள்."

"நீர் செபத்தைச் சொல்லும்."

அப்போதுதான் பார்த்தேன். முக்காட்டு நுனி காற்றில் ஆடி ஓட்டையின்மேல் விழுந்து கிடந்தது. முகம்தான் வந்துவிட்டது என்று நினைத்து, உள்ளே யாருக்கோ படம் காட்டிக்கொண்டிருக்கிறது அது. துணிக்கும் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாத யந்திரம்! முக்காட்டை எடுக்க மனம் வரவில்லை. செப நேரத்தில் நான் வெறுந்தலையோடு நின்றதில்லை. நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு ஓட்டைக்குள் கண்ணை வைத்தேன். தெளிப்பதற்காகச் சுவாமியின் கை ஓங்கியபோதே அழுத்தினேன்.

"படம் விழுந்திட்டுதோ அம்மா?" வள்ளத்தைப் பிடித்தபடி நின்ற மகன் கேட்டான். வாயில் துணி. தலையை ஆட்டினேன்.

செபம் முடிய வெயிலும் வந்துவிட்டது. கண்ணாடியில் ஒன்றும் தெரியாததால் ஒவ்வொருவராக ஓட்டைக்குள் கண் வைத்து நான் எடுத்த படத்தைப் பார்த்தார்கள். வள்ளத்தின் மூக்குக்கு மேலே, இன்னும் விழாத தண்ணீர்த் துளிகள். கீழே அண்ணாந்து பார்க்கும் என் மகன். சுவாமியும் குனிந்து பார்த்தார். தம்பியின் பெண்சாதி கடைசியாக வாங்கினாள். அவள் கண்ணுக்குத் தக்கபடி சில்லைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் நெடுநேரம் கமராவைத் திருப்பித் தரவில்லை.

"உதில நான் இல்லையே" என்றாள்.

"நீர் எனக்குப் பக்கத்திலயெல்லோ கதைச்சுக்கொண்டு நிண்டனீர்."

"அப்ப இப்ப ஒண்டு எடும்" என்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வள்ளத்தடியில் போய் நின்றாள்.